தோணி நிமிரும் பக்கம்

வாயால் ஒன்றும் சொல்லப்போவதில்லை, மேஜைமேல் வைக்கப்போகிறேன், அவ்வளவுதான் என்று அன்செல்ம் மறுபடியும் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொன்னால் சொல்லிலேயே மாட்டிக்கொள்வான், அது அவனுக்குத் தெரியும். பாதி வாக்கியத்தில் தமிழ் போய் இங்கிலீஷ் வந்துவிடும், இங்கிலீஷ் வந்தால் ‘சிங்கப்பூர்க்காரர் பேசுதாரு’ என்று யாராவது மூக்கால் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. தோணிக்காரர் சகாயச் சங்கத்தின் கமிட்டி அறைக்கு வெளியே, கடல் தெரிகிற வராந்தாவில், சுவரை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பைக்குள் மூன்று மாதிரிகள். அரக்கு வெல்வெட் பதித்த பெட்டி ஒன்று. கல்யாணப் பத்திரிகை மாதிரி மடங்கி, நடுவில் காசு உட்கார வட்டமாக வெட்டிய அட்டை ஒன்று. மூன்றாவது, அவன் இரண்டு மாதமாக வீட்டு மொட்டைமாடியில் அறுத்தும் தேய்த்தும் செய்த தேக்குச் சட்டம். சங்கத்துக்குப் பவள விழா. வெள்ளியில் நினைவுக் காசு அடித்து வந்தாகிவிட்டது, ஐந்நூறு காசு பீரோவில் மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கிடக்கிறது. இனி அது எதில் உட்கார்ந்து ஜனங்கள் வீட்டுக்குப் போகும் என்பதுதான் பாக்கி. அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் அதற்கு முந்தின விஷயமே இன்னும் முடியவில்லை. “மீன் போட்டா போதும்ங்கேன்.” “கடல்காரனுக்கு மீன் போடுறதுக்கு விழா எதுக்குவே? அவன் வீட்டுலயே திம்பானே!” “அப்ப ஆட்டுக்கறின்னு எழுதுங்க. கோழின்னு மட்டும் எழுதிராதீங்க, ஊரு சிரிக்கும்.” சங்க எழுத்தர் ரெமிஜியூஸ் கதவுக்கு மேலாகத் தலையை நீட்டி, “சாப்பாடு முடிஞ்சதும் நீதான் மக்கா. டீ சொல்லட்டா?” என்றார். வேண்டாம் என்று தலையாட்டினான். டீ குடித்தால் விரல் ஈரமாகும். ஈர விரலால் சட்டத்தைத் தொடக் கூடாது. தொடக் கூடாது என்று நினைத்ததுமே விரல் வேர்க்க ஆரம்பித்தது.

இந்த ஊரில் வேர்வை என்று தனியாக ஒன்று இல்லை, காற்றே பாதி வேர்வைதான். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர். சிங்கப்பூரில் அவன் வேலை பார்த்த பெட்டி கம்பெனியில் சீனத்து மேஸ்திரி அடிக்கடி சொல்வான், வெள்ளிக்கு எதிரி கள்ளன் இல்லை, காற்று என்று. கடிகாரத்துக்குப் பெட்டி, பேனாவுக்குப் பெட்டி, அரசாங்கத்துக் காசுக்குப் பெட்டி, இருபத்து மூன்று வருஷம் உள்ளே இருப்பது எதுவென்றாலும் அதைப் பொதிந்து அனுப்பியே வயது ஓடிப்போயிற்று. காசை விளிம்பில் பிடி, முகத்தைத் தொடாதே. வெல்வெட்டு ஒட்டுகிற பசை மோசமானால் மூடின பெட்டிக்குள்ளேயே வெள்ளி கறுக்கும். இதெல்லாம் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால் மாதிரிக்காசு முதன்முதலில் வந்தபோது தலைவர் லாம்பர்ட் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்துவிட்டு வந்தார். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றது. ஆனால் அவருக்குப் பழைய முறைப்படி உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர்தான் வேண்டும், பாதர் சும்மா நாலு துளி தெளித்தால் போதாது, இன்னும் கொஞ்சம் சாமி, இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கி, கைக்குட்டையில் அப்படியே முடிந்து கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் சங்கத்தில் எடுத்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளியில் அம்மைத் தழும்பு. “அது ஆசீர்வாதம்வே, அப்படித்தான் இருக்கும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவர் காதுபட. அந்தக் காசைத்தான் அன்செல்ம் கேட்டு வாங்கிக்கொண்டான். கெட்டுப்போன காசுதானே, மாதிரி செய்துபார்க்க ஆகும் என்றான். அதே காசுதான் இப்போது தேக்குச் சட்டத்துக்கு நடுவில், கண்ணாடிபோல் தெளிந்த வட்டச் சிமிழுக்குள், தழும்போடு உட்கார்ந்திருக்கிறது. இனி அதன்மேல் எந்தத் தண்ணீரும் படாது. படாது என்பது எவ்வளவு நிச்சயமான சொல், யாரால் அப்படிச் சொல்ல முடியும், தண்ணீர் விஷயத்தில்.

காசின் ஒரு பக்கத்தில் சங்கத்தைத் தொடங்கின சிமியோன் மோத்தா, தலைவருடைய தகப்பனார், மீசையும் கோட்டுமாக. மறுபக்கத்தில் சலேத் மாதா தோணி. பாய் முழுக்க விரித்து, முன்பக்கத்து அணியம் தூக்கி, தளத்தில் எட்டுப் புள்ளி. எட்டுப் புள்ளியும் எட்டு ஆள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் ஆள் என்று தெரியும், வைக்காவிட்டால் வெறும் பொட்டு. பருப்பும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி அது. போன அன்று கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு புயல் என்றார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பலகை ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை. பின்னாலிருந்து மூன்றாவது புள்ளி கஸ்பார் அண்ணன் என்று அன்செல்ம் தானாகவே வைத்துக்கொண்டான், படம் வரைந்தவன் அப்படி ஒன்றும் நினைத்து வரைந்திருக்க மாட்டான். அண்ணன் சுக்கான் பக்கம்தான் நிற்பான், அதனால். அண்ணனுக்குக் கல்லறை இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி ஊரே கல்லறைத் தோட்டத்தில் வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி கொளுத்தும்போது அண்ணன் மனைவி செலஸ்தீனா மைனி மட்டும் கடற்கரைச் சுவரில் ஒரு வத்தியை நட்டு வைப்பாள். காற்று அணைக்கும். கொளுத்துவாள். அணைக்கும். அவன் ஊர் திரும்பிய முதல் வருஷம் பக்கத்தில் நின்று கையைக் குவித்து மறைத்தான். “விடு தம்பி, அது அணையட்டும். நான் கொளுத்துனது தெரிஞ்சா போதும்” என்றாள். யாருக்குத் தெரிஞ்சால் என்று அவன் கேட்கவில்லை. எட்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு காசு கொடுப்பது என்று சங்கம் தீர்மானித்தபோது மைனி கேட்ட ஒரே கேள்வி, “தோணி தெரியுமா அதுல?” என்பதுதான். தெரியும் மைனி என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டான் அல்லவா. அதுதான் இப்போது இந்தப் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறது.

ஏனென்றால் தோணி கவிழ்ந்து கிடந்தது. மாதிரிக்காசில் எல்லோரும் தழும்பைத்தான் பார்த்தார்கள், ஐந்நூறும் அடித்து வந்த பிறகுதான் இதைப் பார்த்தார்கள். மோத்தாவைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற மாதிரி காசைப் பக்கவாட்டில் புரட்டினால், மறுபக்கத்துத் தோணி தலைகீழாக வந்தது. பாய் கீழே, அடிப்பலகை மேலே, எட்டுப் பேரும் தலைகுப்புற. அச்சு வெட்டினவர் இரண்டு பக்கத்தையும் ஒன்றுக்கொன்று தலைமாற்றி வைத்துவிட்டார். சில தேசத்துக் காசுகளில் வழக்கமே அப்படித்தான், அன்செல்ம் பார்த்திருக்கிறான், தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆனால் இதை யாருக்குச் சொல்வது. அன்றைக்கு அந்த அறையில் காசு கைமாறிக் கைமாறி வந்தது, புரட்டினவர் ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். கடைசியில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். “வெல்வெட் பெட்டியில வைங்க. அப்பா முகம் மேல இருக்கும். கீழ்ப்பக்கத்த எவன் எடுத்துப் பாக்கப் போறான்? பெட்டியும் பாக்க கிராண்டா இருக்கும்.” எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பசை போட்டே ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஒட்டிவிடலாம், ஒட்டிவிடலாம். தோணியை அரக்குக் குழிக்குள் குப்புறப் போட்டு, மேலே ஒரு மீசை உட்கார்ந்துகொள்ள. அண்ணனைப் பற்றித் தகவல் வந்த அன்று அவன் கையில் இருந்ததும் அரக்கு வெல்வெட்தான். கடிகாரப் பெட்டிக்குள் குழி அழுத்திக்கொண்டிருந்தான். மேஸ்திரி வந்து, உனக்கு டெலிபோன் என்றான். ஊரிலிருந்து அறுந்து அறுந்து வந்த குரல், இரைச்சல், காணவில்லை என்ற ஒரு சொல், திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல். வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை, லீவு கிடையாது. கிடைத்தாலும் எதற்கு வருவது, எதைத் தூக்கிக்கொண்டு போக. திரும்பி வந்து குழியைப் பார்த்தான். கட்டைவிரல் அளவுக் குழி, மெத்தென்று, இருட்டாக. அதற்குப் பிறகு எத்தனை குழி அழுத்தியிருப்பான் இந்தக் கட்டைவிரலால். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றை வைத்து மூடியாயிற்று. இதை மூட மாட்டேன். இது மட்டும் முடியாது.

“பந்திய ரெண்டாப் பிரிச்சிரலாம்” என்று உள்ளே ஒரு குரல். “பிரிச்சா மொதப் பந்தியில யாரு உக்காருறதுன்னு அடி விழும்” என்று இன்னொன்று. சாப்பாடு நீளட்டும், நல்லதுதான், இல்லை, நீளக் கூடாது, சீக்கிரம் கூப்பிட்டால் தேவலை. பைக்குள் கையை விட்டுச் சட்டத்தின் ஓரத்தைத் தொட்டுப்பார்த்தான். இடது பக்கம் ஒரு பித்தளை ஆணி, வலது பக்கம் ஒன்று, நடுவில் தொங்குகிற சிமிழ். ஆணிகள் பக்கங்களில் இருப்பதால் சிமிழ் பக்கவாட்டில் திரும்பாது. தலைக்கு மேலாகத்தான் சுற்றும், மேல்விளிம்பு பின்னால் சாய்ந்து கீழே போக, கீழ்விளிம்பு முன்னால் ஏறி மேலே வர. அப்படிச் சுற்றினால் தோணி நிமிர்ந்து வரும். காசில் ஒரு கீறல் மாற்றவில்லை. திருப்புகிற திசையை மாற்றினான், அவ்வளவுதான். அதற்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் மற்றவர்கள் மாதிரி மேலும் கீழுமாக ஆணி அடித்து, கதவு போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் தோணி கவிழ்ந்துகொண்டே இருந்தது, அவனே அண்ணனை மறுபடி மறுபடி கவிழ்க்கிற மாதிரி. ஒருநாள் குளிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, பழைய பாலத்து நுனியிலிருந்து கஸ்பார் குதிப்பது. மற்றப் பையன்கள் காலை முன்னால் விட்டுக் குதிப்பார்கள். அண்ணன் மட்டும் கரணம் அடிப்பான். நெஞ்சு வானத்துக்குத் திரும்பும், பிறகு தலை கீழே, கால் மேலே, அப்புறம் தண்ணீரைத் தொடும்போது பார்த்தால் ஆள் நிமிர்ந்து நிற்பான். நின்றபடியே உள்ளே போவான். கரையில் நிற்கிற அன்செல்ம் மூச்சைப் பிடித்துக்கொள்வான். அண்ணன் வரும்வரைக்கும் விட மாட்டான், அது ஒரு பந்தயம், அண்ணனுக்குத் தெரியாத பந்தயம். காது அடைக்கும், கண்ணில் புள்ளி புள்ளியாக வரும், அப்போது தூரத்தில் எங்கேயோ தலை தெரியும். “ஏல, மூஞ்சி ஏன் இப்படிச் செவந்துருக்கு?” என்று சிரித்துக்கொண்டே கேட்பான். தலைகீழாகத்தான் போனான். நிமிர்ந்துதானே வந்தான். துவட்டாமல் மொட்டைமாடிக்கு ஓடி ஆணியைப் பிடுங்கிப் பக்கத்தில் அடித்தான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அது நடுவில் நிற்கிறது. எப்போதும் இல்லை, எப்போதாவது. இன்று காலை கிளம்பும் முன் ஒரு தடவை சுற்றினான், பாதியில் நின்றுவிட்டது. மோத்தாவும் இல்லை, தோணியும் இல்லை, விளிம்பு மட்டும், படுக்கையாக ஒரு வெள்ளிக் கோடு, கடலும் வானமும் சேர்கிற இடம் மாதிரி. ஊதினான், அசையவில்லை. தொட்டதும் போயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், மெழுகு தடவினான், பிறகு பத்துத் தடவை சுற்றியும் நிற்கவில்லை. அப்படியானால் சரியாகிவிட்டது என்று அர்த்தமா, அல்லது பதினோராவது தடவைக்கு வைத்திருக்கிறது என்று அர்த்தமா. கமிட்டிக்கு முன்னால் நின்றால். நின்று, எல்லோரும் பார்க்க, அந்தக் கோடு அப்படியே நின்றால் என்ன செய்வது. பெட்டியே மேல் என்பார்கள். அட்டையைக் காட்டலாம், அதில் இரண்டு பக்கமும் தெரிய ஓட்டை உண்டு. ஆனால் அட்டை புத்தகம் மாதிரிதான் திரும்பும், தோணி கவிழும். காட்டாமல் பையிலேயே விட்டுவிட வேண்டும். அட்டையை ஏன் கொண்டுவந்தேன். பயத்தில் கொண்டுவந்தேன். மூன்று காட்டினால் ஒன்றை எடுப்பார்கள் என்று வியாபாரப் புத்தி, மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது. இங்கே மூன்று இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. பையைத் திறந்து அட்டையை எடுத்தான், மடித்து ஜன்னல் ஓரத்தில் வைத்தான். வெல்வெட் பெட்டியையும் எடுத்து அதன்மேல் வைத்தான். காற்று அட்டையைக் கொண்டுபோகப் பார்த்தது, பெட்டி பிடித்துக்கொண்டது. அதற்காவது ஆயிற்று. பை லேசாகிவிட்டது, ஒரு சட்டம், ஒரு காசு.  கவனித்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

“வா மக்கா” என்று ரெமிஜியூஸ் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டார். நீள மேஜை, சுற்றி வேட்டியும் சட்டையுமாக ஏழெட்டுப் பேர், தலைமாட்டில் லாம்பர்ட் மோத்தா. சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் எட்டு வீட்டுக்காரர்கள் சார்பில் வந்தவர்கள், கடைசி நாற்காலியில் செலஸ்தீனா மைனி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு. அவனைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. “என்னவே, பெட்டி கொண்டாந்தீரா?” என்றார் தலைவர். அன்செல்ம் வாயைத் திறக்கவில்லை. சட்டத்தை எடுத்து மேஜைமேல், மோத்தாவின் முகம் தலைவர் பக்கம் பார்க்கும்படி நிறுத்தி வைத்தான். “இது என்ன, படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி?” தலைவர் அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார், திருப்தியாகத்தான் பார்த்தார், பிறகு கையை நீட்டிப் பக்கம் புரட்டுகிற மாதிரி ஓரத்தைத் தள்ளினார். சிமிழ் அசையவில்லை. மறுபடி தள்ளினார். சட்டம் மொத்தமும் மேஜைமேல் சறுக்கியது. “சுத்த மாட்டேங்குதே வே.” சொல்லாதே, சொல்லாதே. “மேல தொட்டுப் பாரும்” என்றார் பக்கத்தில் இருந்தவர். தலைவர் விரலை மேல்விளிம்பில் வைத்து அழுத்தினார். மீசை பின்னால் சாய்ந்தது, கோட்டுப் பித்தான் மேலே ஏறியது, ஏறி, நின்றது. வெள்ளிக் கோடு. “நடுக்கடல்ல நின்னுட்டுல்லா!” என்று ஒருவர் சிரித்தார், சிரித்த பிறகுதான் சுவரோரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பாதியில் சிரிப்பும் நின்றது.  அன்செல்மின் கை தானாக முன்னால் போயிற்று, அவன் அதைப் பிடித்துப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் தொட்டால் என் வேலையாகிவிடும், அவர்கள் கையாலேயே சுற்ற வேண்டும். நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. மைனி எழுந்து வந்தாள். யாரும் தள்ளி இடம் விடுமுன்பே இரண்டு பேருக்கு நடுவில் கையை விட்டு, ஒரே ஒரு விரல், தலைவர் பக்கத்து விளிம்பைக் கீழிருந்து மேலே, தூங்குகிற பிள்ளையின் மோவாயைத் தூக்குகிற மாதிரித் தூக்கினாள். சுற்றியது. பாய் வந்தது, மேலே. அணியம் வந்தது. தோணி நிமிர்ந்து நின்றது, உப்புத் தழும்பு அதைச் சுற்றிலும் தெறித்த அலை மாதிரி, தளத்தில் எட்டுப் பொட்டும் நெட்டுக்குத்தலாக.

யாரோ “சேசுவே” என்றார்கள். தலைவர் குனிந்து சட்டத்தை உற்றுப் பார்த்தார். “எங்க அப்பாவக் காணோமே?” “பின்னாடிதான் இருக்காரு தலைவரே, ஒரு சுத்து சுத்தும், அவரும் நிமிந்து வருவாரு” என்றார் ரெமிஜியூஸ், இப்போது எல்லோருமே சிரித்தார்கள், தலைவரும்தான், கொஞ்சம் தாமதமாக. அதே மாதிரிச் சுற்றி அப்பாவைப் பார்த்துவிட்டு, மறுபடி தோணிக்கே சுற்றிவிட்டு, “ஐந்நூறு செய்ய முடியுமாவே விழாவுக்குள்ள?” என்றார். “முடியும்” என்றான் அன்செல்ம். அந்த ஒரு சொல் தமிழிலேயே வந்தது. “ஆனா ஒண்ணு, சிமிழத் தொறந்து மந்திரிக்கக் கூடாது. தண்ணி மேலதான் படணும்.” “சரிவே, சரி. நிக்காம சுத்தணும், அதப் பாரும்.” மைனி இன்னும் போகவில்லை. அவள் கண் மூன்றாவது புள்ளியிலா, நாலாவதிலா, எதில் இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கும். பிறகு, “இதத் துணி வச்சுத் தொடைக்கலாமா தம்பி? வீட்டுப் பீடத்துல வச்சா தூசி அடையும்” என்றாள். “தொடைக்கலாம் மைனி. தெனம் தொடைக்கலாம்.” அவள் சேலைத் தலைப்பால் சிமிழின் இரண்டு பக்கத்தையும் துடைத்தாள், சட்டத்தைத் தூக்கித் தோணி வெளியே பார்க்க மார்போடு வைத்துக்கொண்டாள். “எம்மா, அது மாதிரிக்குக் கொண்டாந்தது, நாங்க பாத்து ஆர்டர் சொல்லணும்லா” என்றார் தலைவர். கதவுப்பக்கம் போய்க்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள். “மாதிரிக்கு வேற ஒண்ணு செய்வான், அவனுக்குத் தெரியும்.” அரைக்கதவு ஆடி ஆடி நின்றது. அதற்குப் பிறகுதான் அன்செல்ம் மூச்சு விட்டான்.